முகப்பு ஒரிஜினல்தான்: ஒரு வாட்ச் கூடலும் ஒரு மஞ்சள் செய்கோவும்

“முகப்பு ஒரிஜினல்தானே சார்?” என்று கேட்டேன். “ஒரிஜினல்தான், நல்லாப் பாருங்க” என்றார் விற்றவர். நல்லாத்தான் பார்த்தேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை வைத்துப் பார்த்தேன், புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தேன், செல்போனில் சேர்த்து வைத்திருந்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. அந்த முகப்பு, அதாவது டயல், இன்றுவரை ஒரிஜினல்தான். ஆனாலும் அந்த வாட்ச்சை அந்த விலைக்கு நான் வாங்கியிருக்கக் கூடாது.

வட்டார அளவில் நடந்த ஒரு கடிகாரச் சேகரிப்பாளர் கூடலுக்குப் போய் வந்த அனுபவம் இது. கதையாகச் சொல்லாமல் ஆய்வாக எழுதக் காரணம், இதில் ஏமாற்றியவர் என்று யாருமே இல்லை. ஏமாற்றுக்காரர் ஒருவர் இருந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். அந்த வசதி இல்லாததால், தப்பு எந்த நிமிடத்தில் நடந்தது என்று திரும்பத் திரும்ப யோசிக்க வேண்டியதாகிவிட்டது. நடந்ததை அன்றைய குறிப்பேட்டில் உள்ள வரிசைப்படியே எழுதுகிறேன்.

தேடிப் போனது

நான் தேடியது ஜப்பானிய நிறுவனமான செய்கோவின் 6139 வாட்ச். இந்த எண்ணைக் கேள்விப்படாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வாட்ச் 1969-க்குப் பல வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது. ஸ்டாப்வாட்ச் வசதி கொண்ட க்ரோனோகிராஃபும் வந்துவிட்டது. இரண்டையும் ஒரே மூவ்மென்ட்டுக்குள், அதாவது வாட்ச்சை ஓட்டும் உள் இயந்திரத்துக்குள், அடக்குவதுதான் யாருக்கும் கைகூடாமல் இருந்தது. 1969-ல் மூன்று தரப்பினர் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் செய்து காட்டினார்கள். ஜெனித் ஜனவரியில் எல் பிரிமேரோவை அறிவித்தது. ஹோயர், பிரைட்லிங், ஹாமில்டன்-பியூரன் சேர்ந்த கூட்டணி மார்ச்சில் க்ரோனோமேட்டிக்கை அறிவித்தது. செய்கோ பெரிதாகச் சத்தம் போடாமல் மே மாதம் ஜப்பானில் 6139-ஐ விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. இதில் யார் முதல் என்ற சண்டை இன்னும் தீரவில்லை. எந்தக் கூடலிலும் இதை மெதுவாக எழுப்பிவிட்டு நகர்ந்துவிடலாம், அரைமணி நேரத்துக்கு அந்த மேசை நம்மைத் தேடாது.

6139-ல் மஞ்சள் முகப்பும், நீலமும் சிவப்புமான வெளிவளையமும் கொண்ட ரகத்துக்குத் தனி மவுசு. ஸ்கைலேப் 4 விண்பயணத்தில் சென்ற அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக், நாசா கொடுத்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரோடு, பயிற்சியின்போதே பழகிவிட்ட தன் சொந்த செய்கோவையும் எடுத்துப்போனார். 1973 நவம்பரில் கிளம்பிய அந்தப் பயணம் 84 நாள் நீடித்தது. அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லாத அந்த வாட்ச் 6139-6005. பல வருடம் கழித்துத்தான் இந்த விஷயம் சேகரிப்பாளர்களுக்குப் பரவலாகத் தெரிந்தது. அதன்பின் மஞ்சள் 6139-க்குப் ‘போக்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பெயர் வந்ததும் தட்டுப்பாடு வந்தது. தட்டுப்பாடு வந்ததும் புது உதிரிப்பாகங்கள் வந்தன. மஞ்சள் முகப்பு, சிவப்பு முள், கண்ணாடிக்குள் முகப்பைச் சுற்றியிருக்கும் உள்வளையம், வெளிவளையம் எல்லாமே இன்று புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. ஐம்பது வயது வாட்ச் புதுப்பெண் மாதிரி ஜொலித்தால் அதில் பாதி நேற்று பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். எனவே இந்த வாட்ச்சை வாங்கப் போகிறவன் மனதில் இருக்கும் பயம் ஒன்றே ஒன்று: முகப்பு போலியாக இருந்துவிடக் கூடாது.

எனக்கும் அந்தப் பயம்தான். அதற்காகவே தயாரானேன், அதற்காக மட்டுமே தயாரானேன். பையில் லூப், டார்ச், சின்னத் திசைகாட்டி, குறிப்பேடு, பென்சில். திசைகாட்டி காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க. வாட்ச்சை அருகில் கொண்டுபோகும்போது திசைகாட்டி முள் துள்ளினால் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் தாறுமாறாக வேகமாக ஓடும் வாய்ப்பு உண்டு. பின்மூடியைத் திறக்கும் கருவியை எடுத்துப்போகவில்லை. அடுத்தவர் மேசையில் இருக்கும் வாட்ச்சை நாமே திறப்பது இந்தக் கூட்டத்தில் மரியாதையில்லை. திறக்கச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவுதான்.

போலி முகப்பைக் கண்டுபிடிக்க ஏழு சோதனைகள் எழுதி வைத்திருந்தேன். எழுத்துகள் தடித்துக் கசிந்திருக்கின்றனவா, நிமிடக் கோடுகள் உள்வளையத்தின் கோடுகளோடு நேராகச் சேர்கின்றனவா, ஆறு மணிப் பக்கமுள்ள சின்ன வட்டத்தின் பள்ளத்தில் மெல்லிய வரிகள் தெரிகின்றனவா, சாய்த்துப் பிடித்தால் கதிர்கள் மாதிரி ஒளி ஓடுகிறதா, அடிவிளிம்பில் முகப்பு எண் இருக்கிறதா, இப்படி ஏழு. ஏழும் முகப்பைப் பற்றியவை. இப்போது அந்தத் தாளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

காலை: ரயில்வே கடிகாரங்கள்

பெரிய கூடம், அறுபது மேசைக்கு மேல் இருக்கும். முதல் ஒரு மணி நேரம் விற்பவர்கள் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்றுக்கொண்டார்கள். நல்ல சரக்கு கதவு திறப்பதற்குள் கைமாறிவிடும் என்று சொல்வது மிகை இல்லை.

நான் தேடியது கைக்கடிகாரம் என்றாலும், காலையில் அதிக நேரம் நின்றது ஒரு பெரியவரின் பாக்கெட் கடிகார மேசையில். வால்தம், எல்ஜின், ஹாமில்டன் என்று பழைய அமெரிக்க உருப்படிகள். பின்மூடியைத் திருகிக் கழற்றி மூவ்மென்ட்டைக் காட்டுவதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். 1891-ல் ஓஹாயோவின் கிப்டன் என்ற ஊரில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டதையும், ஒரு ஓட்டுநரின் கடிகாரம் சில நிமிடம் நின்று மறுபடி ஓடியதே காரணம் என்று சொல்லப்படுவதையும், அதன்பின் வெப் பால் என்ற கடிகாரக்காரர் ரயில்வே கடிகாரங்களைப் பரிசோதிக்கும் முறையை அமைத்ததையும் அவர் நேரில் பார்த்தவர் போலச் சொன்னார். வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது. நேரம் மாற்ற வேண்டுமென்றால் கண்ணாடி வளையத்தைக் கழற்றி உள்ளே இருக்கும் சின்ன நெம்புகோலை இழுக்க வேண்டும். பாக்கெட்டுக்குள் தெரியாமல் சாவி இழுபட்டு நேரம் மாறிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். அதைத்தான் நான் கேட்டும் கேட்காமல் விட்டேன்.

அந்தக் காலத்து அமெரிக்கக் கடிகாரங்களில் மூவ்மென்ட்டைச் செய்வது ஒரு தொழிற்சாலை, அதை மூடும் கூட்டைச் செய்வது இன்னொரு நிறுவனம். வாங்குபவர் கடையில் மூவ்மென்ட்டைத் தனியாகவும் கூட்டைத் தனியாகவும் தேர்ந்தெடுத்துப் பொருத்தச் சொல்வார். அளவுகள் பொதுவானவை என்பதால் பின்னாளில் கூடு மாற்றுவதும் சுலபம். தங்கத்தின் விலை ஏறியபோது கூட்டை மட்டும் உருக்கக் கொடுத்துவிட்டு, மூவ்மென்ட்டை வேறு கூட்டில் போட்டவர்கள் ஏராளம்.

“அப்போ இது முதல்ல இருந்தே சேர்ந்து இருந்ததா, பின்னாடி சேர்த்து வெச்சதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டேன்.

“கூட்டோட உள்விளிம்பைப் பாருங்க தம்பி” என்றார். மூவ்மென்ட்டைக் கூட்டோடு இறுக்கும் இரண்டு திருகாணிகளின் தலை, விளிம்பில் பிறை வடிவத்தில் தடம் பதித்திருக்கும். ஒரு ஜோடித் தடம் என்றால் நல்லது. இரண்டாவது ஜோடி வேறு இடத்தில் இருந்தால், அந்தக் கூட்டில் முன்பு வேறொரு மூவ்மென்ட் வாழ்ந்திருக்கிறது. “மூவ்மென்ட் நல்லதா, கூடு நல்லதான்னு எல்லாரும் பார்ப்பாங்க. ரெண்டுக்கும் ஒத்துப்போகுதான்னு பார்க்கறவன்தான் சேகரிக்கறவன்.” சேகரிப்பாளர்கள் இப்படிப் பின்னாளில் சேர்த்து வைத்ததை ‘மேரேஜ்’ என்பார்கள். ரொம்பக் கலந்துகட்டியதாக இருந்தால் ‘ஃபிராங்கன்’.

குறிப்பேட்டில் பிறைத் தடத்தின் படத்தைக்கூட வரைந்து வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே என் கையெழுத்தில், ‘பாக்கெட் கடிகாரத்துக்கு மட்டும்’.

மதியம்: இருபத்தைந்து நிமிடம்

2:10-க்கு அந்த மஞ்சள் வாட்ச்சைப் பார்த்தேன். 2:35-க்குப் பணம் கொடுத்தேன். நடுவில் நடந்ததை முடிந்தவரை நேர்மையாக எழுதுகிறேன்.

முதலில் அனுமதி கேட்டுக் கையில் எடுத்தேன். 6139-க்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. பக்கவாட்டில் இரண்டு பொத்தான்களுக்கு நடுவில் இருக்கும் சாவிக் குமிழைச் சுற்றினால் உள்வளையம்தான் சுற்றும். எனவே வாட்ச்சைக் கிடத்திப் பிடித்து ஒரு நிமிடம் மெதுவாக ஆட்டினேன். ஓடத் தொடங்கியது. மேல் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. இது நல்ல அறிகுறி. பழைய க்ரோனோகிராஃப்களில் ஒரு பல்சக்கரம் பக்கவாட்டில் வந்து இன்னொன்றைக் கவ்வும்போது முள் ஒரு குட்டிக் குதி குதிக்கும். 6139-ல் இருப்பது செங்குத்துக் கிளட்ச். இரண்டு தகடுகள் மேலும் கீழுமாகச் சேரும், குதிப்பு இருக்காது. அந்தக் கிளட்ச் தேய்ந்திருந்தால் முள் நழுவும். அதைப் பிரித்துப் பழுதுபார்க்கும் விதமாகச் செய்கோ வடிவமைக்கவும் இல்லை. அதனால் மூன்று நிமிடம் ஓடவிட்டேன். சின்ன வட்டத்தில் நிமிட முள் சரியாக நகர்ந்தது. மேல் பொத்தானால் நிறுத்திவிட்டுக் கீழ்ப் பொத்தானை அழுத்தியதும் சிவப்பு முள் பன்னிரண்டில் போய் நின்றது. தேதியும் கிழமையும் சாவிக் குமிழை அழுத்தினால் மாறுகின்றன. உள்வளையம் சுற்றுகிறது, பல பழைய உருப்படிகளில் இது சுற்றுவதே இல்லை.

அடுத்து ஏழு சோதனைகள். ஏழிலும் முகப்பு பாஸ். விளிம்பில் முகப்பு எண் இருந்தது, எழுத்துகள் மயிரிழை மாதிரி மெல்லியதாக இருந்தன, சாய்த்துப் பிடித்தால் மஞ்சள் பொன்னாக மாறியது. முகப்பின் கீழ்ப்பாதியில் ‘வாட்டர் 70 எம் ப்ரூஃப்’ என்ற வரி. அதைப் படித்தேன். ‘பழைய ரகம், நல்லது’ என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

டார்ச் அடித்தேன். முகப்பின் ஒளிப்பூச்சு இறந்துபோயிருந்தது, டார்ச்சை எடுத்ததும் இருட்டு. அது சரி, அந்தக் காலத்துப் பூச்சுகளில் கதிரியக்கப் பொருள் கலந்திருக்கும், அதன் ஆயுள் எப்போதோ முடிந்திருக்கும். ஆனால் மணி முள்ளும் நிமிட முள்ளும் டார்ச்சை எடுத்த பிறகும் பச்சையாக ஒளிர்ந்துகொண்டே இருந்தன. அப்படி நின்று ஒளிர்வது 1993-ல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கொண்டுவந்த லூமினோவா வகைப் பூச்சின் குணம். 1970-களின் முள்ளில் அதற்கு வேலையில்லை.

நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் விற்றவரே சொல்லிவிட்டார். “முள் ரெண்டும் சர்வீஸ்ல மாத்தினது சார். மறைக்க மாட்டேன்.”

இந்த ஒரு வாக்கியம்தான் என்னைச் சாய்த்தது. அவர் தந்திரமாகச் சொன்னார் என்று சொல்ல வரவில்லை, மனுஷன் நேர்மையாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு குறையைத் தானாக ஒப்புக்கொண்டவர் சொல்லாத மற்ற எல்லாவற்றுக்கும் நான் நற்சான்று கொடுத்துவிட்டேன். ‘குறை இருந்தால் சொல்லியிருப்பாரே’ என்று மனம் கணக்குப் போட்டது. அவருக்கே தெரியாத குறை இருக்கலாம் என்ற எண்ணம் வரவில்லை.

பக்கத்து மேசைக்காரரிடம் டைம்கிராஃபர் இருந்தது. வாட்ச்சின் டிக் ஓசையை மைக் வழியாகக் கேட்டு, ஒரு நாளைக்கு எத்தனை விநாடி பிசகும், இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி ஆடுகிறது என்றெல்லாம் சொல்லும் கருவி. பிசகு நாளுக்கு 14 விநாடி அதிகம், ஆட்டம் 214 டிகிரி. முழுச் சாவியில், படுக்கை நிலையில், நல்ல நிலையிலுள்ள வாட்ச் 270-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். ஆனால் நான் ஆட்டியது ஒரு நிமிடம்தானே, சாவி ஏறியிருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் நியாயமானதுதான். இருந்தாலும் பத்து நிமிடம் சட்டைப்பையில் போட்டு நடந்துவிட்டு வந்து மறுபடி அளந்திருக்கலாம்.

ஏன் செய்யவில்லை? எனக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை, பேசவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீழே வைத்தால் அவர் எடுப்பார் என்று தோன்றியது. அவர் வாங்க வந்தவரா, சும்மா வேடிக்கை பார்த்தவரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியாகப் பின்மூடியைத் திருப்பிப் பார்த்தேன். 6139-6002. வரிசை எண் 47 என்று தொடங்கியது. ஆறு இலக்க வரிசை எண்ணில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண். இரண்டாவது மாதம், அதாவது ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, மற்ற மூன்றுக்கும் ஓ, என், டி. எந்தப் பத்தாண்டு என்று எண் சொல்லாது, மாடலை வைத்து நாம்தான் ஊகிக்க வேண்டும். 6139-ல் 4 என்றால் 1974 மட்டும்தான் சாத்தியம். 1974 ஜூலை. ‘போக் பூமிக்குத் திரும்பிய வருடம்’ என்று மனம் துள்ளியது. அந்தத் துள்ளலோடு பணத்தை எடுத்தேன்.

ஒரு காரியம் மட்டும் உருப்படியாகச் செய்தேன். மாடல் எண், வரிசை எண், ‘முள் மாற்றப்பட்டது’, ஏழு நாளுக்குள் திருப்பலாம், இத்தனையையும் ரசீதில் எழுதி வாங்கினேன்.

இரவு: குறிப்பேடு

புதிதாக வாங்கிய ஒவ்வொரு வாட்ச்சையும் குறிப்பேட்டில் பதிவது என் வழக்கம். பின்மூடியில் உள்ளது ஒரு வரி, முகப்பில் உள்ளது அடுத்த வரி. அன்றிரவு அறையில் உட்கார்ந்து எழுதினேன்.

‘பின்மூடி: 6139-6002, 1974 ஜூலை, வாட்டர் ரெசிஸ்ட்.’

‘முகப்பு: மஞ்சள், வாட்டர் 70 எம் ப்ரூஃப்.’

பென்சில் அங்கேயே நின்றது.

1960-களின் கடைசியில் அமெரிக்க வணிக ஆணையம், வாட்ச்களை ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று விற்பதை ஏற்க மறுத்தது. எந்த வாட்ச்சும் தண்ணீரை முழுவதுமாகத் தடுத்துவிடாது, ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்பதே சரி என்பது வாதம். செய்கோவும் 1970-ஐ ஒட்டி ‘ப்ரூஃப்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘ரெசிஸ்ட்’ என்ற சொல்லுக்கு மாறியது. பின்னாளில் இந்த ரக முகப்புகளிலிருந்து அந்த வரியே காணாமல் போனது. ஆக 6139-ல் ‘ப்ரூஃப்’ முகப்பு என்றால் ஆரம்ப காலத்துச் சரக்கு. 1974 ஜூலையில் தொழிற்சாலையிலிருந்து வந்த வாட்ச்சில் அது இருக்க வழியில்லை.

இதில் எனக்குப் புதிய தகவல் ஒன்றுமில்லை. வரிசை எண்ணைப் படிக்கத் தெரியும், ‘ப்ரூஃப்’, ‘ரெசிஸ்ட்’ வித்தியாசம் தெரியும், இரண்டையும் அன்று மதியம் என் கண்ணாலேயே படித்தேன். ஒரு பக்கம் படித்துத் திருப்புவதற்குள் மறுபக்கம் மறந்துபோயிருந்தது. ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய பிறகுதான் இரண்டும் சண்டை போடுவது தெரிந்தது.

திறந்து பார்த்தது

ஊர் திரும்பியதும் எனக்கு வழக்கமாகச் சர்வீஸ் செய்யும் கடிகாரக்காரரிடம் கொண்டுபோனேன். விஷயத்தைச் சொல்லாமல், “அண்ணே, இதைத் திறந்து என்ன தோணுதுன்னு சொல்லுங்க” என்று மட்டும் சொன்னேன்.

பின்மூடியின் உள்பக்கத்தில் இரண்டு கீறல் குறிகள். சர்வீஸ் செய்பவர்கள் ஊசியால் கீறி வைக்கும் அடையாளம். ஒன்று புரியவில்லை, மற்றொன்றில் 88 என்று முடியும் தேதி. மூவ்மென்ட் 6139பி. முந்தைய வாட்ச்களில் 6139ஏ இருக்கும், பின்னால் வந்ததுதான் பி. ஆக மூவ்மென்ட்டும் கூடும் ஒரே கட்சி. முகப்பு மட்டும் வெளியாள்.

முகப்பைக் கழற்றினார். முகப்பை மூவ்மென்ட்டில் பொருத்தும் கால்கள் இரண்டும் ஒடியாமல், வளையாமல் இருந்தன. மலிவான மாற்று முகப்புகளில் சில சமயம் காலே இல்லாமல் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள், அந்தக் கோளாறு இல்லை. ஆனால் முகப்புக்கு அடியில் இருந்த தேதி வளையத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். வளையத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். அதைத் தாங்கும் தகட்டிலும் அதே பக்கம் பழைய துருக்கறை, துடைத்துச் சுத்தம் செய்யப்பட்டிருந்தாலும் தடம் போகவில்லை.

“இதுக்குள்ள ஒரு காலத்துல தண்ணி போயிருக்கு” என்றார். “ஆனா இந்த முகப்புக்குள்ள போகல.”

நேர் மேலே இருந்த முகப்பின் முதுகு சுத்தமாக இருந்தது. அந்தத் தண்ணீர் வந்தபோது இந்த முகப்பு அங்கே இல்லை.

காலையில் பெரியவர் காட்டிய பிறைத் தடம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதே சோதனை, இடம்தான் வேறு. ஒன்றோடொன்று ஒட்டி வாழ்ந்த இரண்டு பாகங்கள் ஒன்றன் மேல் ஒன்று தடம் பதித்திருக்கும்; பதிக்கவில்லை என்றால் அவை ஒன்றாக வாழவில்லை. ‘பாக்கெட் கடிகாரத்துக்கு மட்டும்’ என்று நான் எழுதிய வரியை அன்று அடித்தேன்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். ஒன்று, அண்மையில் யாரோ விற்பதற்காகவே பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியிருக்கலாம். மற்றொன்று, எப்போதோ தண்ணீர் புகுந்து முகப்பு வீணாகி, பழுதுபார்த்தவர் தன்னிடம் இருந்த செத்துப்போன பழைய 6139-லிருந்து முகப்பை எடுத்து மாட்டியிருக்கலாம். நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன். விற்பதற்காகக் கட்டுபவருக்குச் சுலபமாகக் கிடைப்பது புது மாற்று முகப்பு. ‘ப்ரூஃப்’ முகப்பு அவர் கையில் கிடைத்தால் அதைத் தனியாகவே நல்ல விலைக்கு விற்றிருப்பார். மாறாக, 1980-களில் இந்த வாட்ச் வெறும் பழைய வாட்ச். முகப்பில் ஒரு சொல் மாறியிருப்பதை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். வாடிக்கையாளருக்கு வேண்டியது ஓடுகிற, பார்க்க நன்றாக இருக்கிற வாட்ச். பழுதுபார்த்தவர் அதைக் கொடுத்திருக்கிறார். அவர் செய்தது நல்ல வேலை. சேகரிப்பாளர்கள் என்றொரு ஜாதி பின்னால் முளைத்து வந்து ஒவ்வொரு எழுத்தையும் லூப் வைத்துப் படிக்கப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த 88-க்கும் முகப்பு மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டேன். “அன்னிக்கு மேல என்ன முகப்பு இருந்ததுன்னு மூடி சொல்லாது” என்றார் அண்ணன். சரிதான்.

முழுச் சாவியில் மறுபடி அளந்தோம்: 228 டிகிரி. சாவி ஏறாதது காரணமில்லை, எண்ணெய் காய்ந்திருந்ததுதான் காரணம். முழு சர்வீஸ் தேவைப்பட்டது. என் சமாதானங்களில் இதுவும் ஒன்று போனது.

எந்த நிமிடத்தில்

பின்னால் நின்றவரைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் அவர் இல்லாவிட்டாலும் நான் வாங்கியிருப்பேன் என்றே நினைக்கிறேன். முள் மாற்றியதை விற்றவர் ஒப்புக்கொண்டது பெரிய காரணம்தான், ஆனால் அதுவும் வேர் இல்லை. வேர் அந்த ஏழு சோதனைத் தாளில் இருக்கிறது. போலியைப் பிடிக்கவென்று கட்டிய வலை அது. நிஜமான பாகம் தவறான வீட்டில் குடியிருந்தால் அந்த வலையில் விழாது. இன்னும் மோசம், ஒவ்வொரு சோதனையிலும் முகப்பு தேறத் தேற என் சந்தேகம் குறைந்துகொண்டே வந்தது. ஏழாவது முடிந்தபோது வாட்ச் முழுவதும் தேறிவிட்டது போல ஒரு நிம்மதி. தேறியது முகப்பு மட்டும்.

பின்மூடியைக் கடைசியில் பார்த்ததும் தப்பு. முதலில் அதைப் படித்து, ‘1974 ஜூலை’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பிறகு ஒவ்வொரு பாகத்தையும் ‘உனக்கும் 1974-தானா?’ என்று கேட்டிருந்தால் இரண்டாவது நிமிடத்திலேயே ‘ப்ரூஃப்’ மாட்டியிருக்கும். நான் வருடத்தைக் கடைசியில், அதுவும் பரிசு மாதிரி வைத்துக்கொண்டேன்.

உள்வளையத்தின் மஞ்சள் முகப்பின் மஞ்சளைவிட ஒரு துளி வெளிறியிருந்ததையும் அன்றே கவனித்தேன். வளையம் பிளாஸ்டிக், முகப்பு உலோகம், இரண்டும் வெவ்வேறு விதமாக வெளிறும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மையான தகவல்தான். படித்தது கூடக் கூடச் சாக்கும் கூடத்தான் செய்கிறது.

விற்றவரும் நானும்

நாலாவது நாள் அவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“முகப்பு ஒரிஜினலான்னு கேட்டீங்க, ஒரிஜினல்னு சொன்னேன். அது பொய்யா சார்?” என்றார்.

“பொய் இல்லைங்க. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்.”

வரிசை எண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தும் முகப்போடு அவரும் ஒப்பிட்டதில்லையாம். நம்பினேன், நானே ஒப்பிடாதபோது அவரை எப்படிக் கேட்பது? வேண்டுமானால் திருப்பிக் கொடுங்கள், முழுப் பணமும் தருகிறேன் என்றார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, வைத்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு பகுதிப் பணத்தை அவராகவே திருப்பி அனுப்பினார்; சர்வீஸ் செலவு அதில் அடங்கிவிட்டது.

இப்போது ஒரு தர்மசங்கடம். கூடலில் பழக்கமான இன்னொரு சேகரிப்பாளரிடம் ஆரம்ப காலத்து ‘ப்ரூஃப்’ பின்மூடி கொண்ட 6139 இருக்கிறது, முகப்பு பாழாகிப்போய். என்னிடம் இருக்கும் முகப்பைக் கேட்கிறார். பதிலுக்கு 1974-க்குப் பொருந்தும் முகப்பு ஒன்று தருவார். மாற்றிக்கொண்டால் இரண்டு வாட்ச்களிலும் முகப்பும் முதுகும் ஒரே பேச்சுப் பேசும். பார்ப்பவர் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கு உறுத்துவது அதுதான். இப்போது இந்த வாட்ச் தன் கலப்பை வெளியிலேயே எழுதி வைத்திருக்கிறது, படிக்கத் தெரிந்தவர் படித்துக்கொள்ளலாம். நாங்கள் மாற்றிக்கொண்ட பிறகு தேதி வளையத்தின் கறை மட்டும்தான் மிச்ச சாட்சி. செய்தால், இரண்டு வாட்ச்சோடும் எழுதிய சீட்டு ஒன்று போக வேண்டும் என்கிறேன் நான். சீட்டு இரண்டு கை மாறுவதற்குள் தொலைந்துவிடும் என்கிறார் அவர். இருவர் சொல்வதும் சரியாக இருப்பதால் பேச்சு அப்படியே நிற்கிறது.

இதற்கிடையில் வாட்ச் சர்வீஸ் முடிந்து வந்துவிட்டது. படுக்கையில் 265 டிகிரி, நாளுக்கு 6 விநாடி அதிகம். 6139-ல் எப்போதும் ஓடும் விநாடி முள் கிடையாது என்பதால் க்ரோனோகிராஃபை ஓடவிட்டே கட்டிக்கொள்கிறேன். முகப்பு ‘ப்ரூஃப்’ என்கிறது, முதுகு ‘ரெசிஸ்ட்’ என்கிறது, உள்ளே தேதி வளையம் வேறு கதை சொல்கிறது. நான் வளையத்தின் பேச்சைக் கேட்டு, கை கழுவப் போகும்போது கழற்றி வைத்துவிடுகிறேன்.